மதம் வேறானால் சொத்து யாருக்கு? டெல்டாக் குடும்பங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

அப்பா இந்து. மகள் இஸ்லாத்தைத் தழுவி நிக்காஹ் செய்துகொண்டவர். அப்பா உயில் எழுதாமல் இறந்துவிட்டார். மகளுக்குப் பங்கு உண்டா? கும்பகோணம், திருவாரூர்ப் பக்கம் பஞ்சாயத்துப் பேச உட்காரும் பெரியவர்களைக் கேட்டால், "மதம் மாறிப் போச்சு, பங்கும் போச்சு" என்பார்கள். அது தவறு. மகளுக்குப் பங்கு உண்டு, அண்ணன் தம்பிக்குக் கிடைக்கும் அதே அளவில்.

கேள்வியைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். அப்பா நடுவயதில் இஸ்லாத்துக்கு வந்தவர், முஸ்லிமாகவே இறந்தார். முதல் மனைவிக்குப் பிறந்த மகன் இந்துவாகவே இருக்கிறார். இந்த மகனுக்குப் பங்கு கிடையாது. பெற்ற பிள்ளைதான், ரேஷன் கார்டில் பெயரும் இருக்கிறது, ஆனாலும் கிடையாது.

சட்டம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. கூத்தாநல்லூர், ராஜகிரி, நாகூர், அதிராம்பட்டினம் என்று முஸ்லிம் ஊர்களும் அவற்றை ஒட்டிய இந்து, கிறிஸ்தவத் தெருக்களும் கலந்து கிடக்கும் டெல்டாவில், இது தெரியாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர்கள் நிறையப் பேர். ஆகவே வரிசையாகப் பார்ப்போம். முக்கால்வாசி வேலை முதல் இரண்டு படியிலேயே முடிந்துவிடும்.

முதல் படி: இறந்தவர் இறந்த நாளில் எந்த மதம்?

வாரிசின் மதத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் இறந்தவர். உயில் இல்லாத சொத்து எந்தச் சட்டப்படி பிரியும் என்பதை முடிவுசெய்வது அவருடைய மதம்தான், அதுவும் கடைசி மூச்சின்போது இருந்த மதம். இந்து என்றால் 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம். பௌத்தர், சமணர், சீக்கியருக்கும் அதுவே. கிறிஸ்தவர் என்றால் 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம். முஸ்லிம் என்றால் இஸ்லாமியச் சட்டமான ஷரீஅத்.

இங்கே டெல்டாக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. 1937-ல் வந்த ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை விட்டுவைத்தது. இணையத்தில் அதைப் படித்துவிட்டு, "நஞ்சைக்கு ஷரீஅத் பொருந்தாது" என்று வாதம் செய்பவர்கள் இருக்கிறார்கள். பழைய சென்னை மாகாணம் 1949-லேயே அந்த விலக்கை எடுத்துவிட்டது. ஆகவே தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் வயல், தோப்பு, வீடு எல்லாவற்றுக்கும் ஷரீஅத் கணக்குத்தான். வேறு மாநிலத்துத் தீர்ப்பையோ கட்டுரையையோ இங்குள்ள நிலத்துக்கு அப்படியே பொருத்தாதீர்கள்.

மதத்தை எப்படி நிரூபிப்பது? பெயர் மட்டும் போதாது. அரசிதழில் பெயர், மத மாற்ற அறிவிப்பு இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் மதமே மாறவில்லை என்று ஆகிவிடாது. ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேடு, சந்தா ரசீது, பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ், கடைசியில் மையவாடியில் அடக்கம் ஆனாரா அல்லது தகனமா என்பது வரை எல்லாமே சாட்சியம். இறந்தவுடன் இந்தக் காகிதங்களைத் திரட்டிவிடுங்கள். நாலு வருடம் கழித்துக் கேட்டால் பதிவேடும் கிடைக்காது, சொல்ல ஆளும் இருக்காது.

இரண்டாம் படி: கல்யாணம் எந்தச் சட்டத்தில் நடந்தது?

பெரும்பாலோர் தாண்டிப் போய்விடும் படி இது. தீர்ப்பைத் தலைகீழாக்கக்கூடியதும் இதுதான்.

இந்துவும் முஸ்லிமும் 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தில் கல்யாணம் செய்திருந்தால், அந்தச் சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி கணவன், மனைவி, அவர்களுக்குப் பிறந்த பிள்ளைகள் ஆகியோரின் சொத்து 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி பிரியும். ஷரீஅத்தும் வராது, இந்து வாரிசுரிமைச் சட்டமும் வராது. மத வேறுபாடு என்ற தடையே அங்கே எழாது.

ஆனால் 2009-ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டத்தில் பதிவு செய்த கல்யாணத்தை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அது நடந்த கல்யாணத்துக்கு ஒரு பதிவு, அவ்வளவுதான். வாரிசுரிமை அதனால் மாறாது. இரண்டுமே பதிவு அலுவலகத்தில் கிடைக்கும் சான்றிதழ் என்பதால், "நாங்கள் ரிஜிஸ்டர் மேரேஜ்" என்று பலரும் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். சான்றிதழை எடுத்து, மேலே எந்தச் சட்டத்தின் பெயர் அச்சாகியிருக்கிறது என்று பாருங்கள்.

வித்தியாசம் எவ்வளவு என்பதற்கு ஒரு கணக்கு. முஸ்லிம் கணவர் 24 மா நிலம் விட்டுச் செல்கிறார், ஏறக்குறைய 8 ஏக்கர். மனைவி, ஒரு மகன், இரண்டு மகள்கள். கணவரின் பெற்றோர் உயிரோடு இல்லை, கடனும் இல்லை.

மனைவியும் முஸ்லிம், நிக்காஹ் நடந்தது என்றால் மனைவிக்கு எட்டில் ஒன்று, 3 மா. மீதி 21 மாவில் மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு: மகனுக்கு 10½, மகள்களுக்கு ஆளுக்கு 5¼.

மனைவி இந்துவாகவே இருந்து நிக்காஹ் மட்டும் நடந்திருந்தால், மனைவிக்கு ஒரு குழி கூட இல்லை. மகனுக்கு 12, மகள்களுக்கு ஆளுக்கு 6. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் இதைத் தெளிவாக்கியது. அப்படிப்பட்ட கல்யாணம் முறைப்படி அமையாததே தவிர, செல்லாதது ஆகாது; பிறக்கும் பிள்ளை முறையான பிள்ளை, தகப்பன் சொத்தில் வாரிசு; மனைவி மஹர் (நிக்காஹில் கணவன் மனைவிக்குத் தர ஒப்புக்கொள்ளும் மணக்கொடை) கேட்கலாம், ஆனால் கணவனுக்கு வாரிசாக முடியாது.

அதே தம்பதி சிறப்புத் திருமணச் சட்டத்தில் கல்யாணம் செய்திருந்தால், மனைவிக்கு மூன்றில் ஒன்று, 8 மா. மீதி 16 மா மூன்று பிள்ளைகளுக்கும் சமமாக, ஆளுக்கு 5⅓. ஆண், பெண் பேதமில்லை.

ஒரே குடும்பம், ஒரே நிலம்; மனைவியின் பங்கு மூன்று, பூஜ்யம், எட்டு. இதனால்தான் சான்றிதழை எடுத்துப் பார்க்கச் சொல்கிறேன். இருவரும் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள், நடந்தது சடங்குக் கல்யாணம் மட்டும் என்றால், சிறப்புத் திருமணச் சட்டத்தின் 15-ஆம் பிரிவில் அதைப் பதிவு செய்ய வழி இருக்கிறது. நிபந்தனைகள் பொருந்துகின்றனவா என்று வக்கீலிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். வாரிசுரிமையே மாறும் என்பதை இரண்டு பேரும் தெரிந்துகொண்டுதான் செய்ய வேண்டும்.

மூன்றாம் படி: உங்கள் நிலைமை எது?

*இறந்தவர் இந்து, வாரிசு முஸ்லிமாக மாறியவர்.* பங்கு உண்டு. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு, மதம் மாறியவரைத் தகுதி இழந்தவர் என்று சொல்லவே இல்லை. குஜராத் உயர் நீதிமன்றம் 2017-லும் பாம்பே உயர் நீதிமன்றம் 2018-லும், இஸ்லாத்துக்கு மாறிய மகள் இந்துத் தகப்பனுக்கு வாரிசுதான் என்று தீர்ப்பளித்திருக்கின்றன. சுயமாகச் சம்பாதித்த 24 மா, விதவை, இந்து மகன், முஸ்லிம் மகள் என்றால் ஆளுக்கு 8 மா.

ஆனால் அதே பிரிவு, மதம் மாறிய பிறகு பிறந்த பிள்ளைகளை அடைத்துவிடுகிறது. அவர்களும் அவர்கள் சந்ததியும், வாரிசுரிமை திறக்கும் நாளில் இந்துவாக இருந்தாலொழிய, எந்த இந்து உறவினருக்கும் வாரிசாக முடியாது. அதனால் யார் முன்னால் இறந்தார் என்பது உயிர்நிலையான கேள்வி. மேலே சொன்ன மகள் தகப்பனுக்கு முன்பே இறந்துவிட்டால், மதம் மாறிய பின் பிறந்த அவர் பிள்ளைகளுக்குத் தாத்தா சொத்தில் ஒன்றுமில்லை. விதவைக்கும் மகனுக்கும் ஆளுக்கு 12 மா. தகப்பன் இறந்து ஒரு வாரம் கழித்து மகள் இறந்தால் கதை வேறு: 8 மா மகளுக்கு வந்து சேர்ந்துவிட்டது. பட்டா மாறவில்லை, பாகம் பிரிக்கவில்லை என்பதெல்லாம் காரணமில்லை. அந்த 8 மா மகளின் சொத்தாக, ஷரீஅத் கணக்கில் அவர் கணவருக்கு நாலில் ஒன்றும் மீதி பிள்ளைகளுக்கும் போகும். மதம் மாறுவதற்கு முன் பிறந்த பிள்ளைகளை 26-ஆம் பிரிவு தொடுவதில்லை. ஆகவே மாறிய தேதி, பிறந்த தேதி, இறந்த தேதி மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வக்கீலிடம் போங்கள். பாதி நேரம் மிச்சம்.

பூர்வீகச் சொத்து என்றால் இன்னொரு சுற்று உண்டு. மதம் மாறியவர் கூட்டுக் குடும்பத்தில் பங்காளியாகத் தொடர மாட்டார். ஆனால் மாறிய நாள் வரை அவருக்கு இருந்த பங்கு அவருடையதே. மகள்களுக்குப் பூர்வீகத்தில் பிறப்புரிமை தந்த தமிழ்நாட்டுத் திருத்தம் 1989-லும் நாடு தழுவிய திருத்தம் 2005-லும் வந்தன. அதற்கெல்லாம் முன்பே மதம் மாறிய மகள் என்றால் கணக்கை நீங்களே போடாதீர்கள், அனுபவமுள்ள சிவில் வக்கீல் வேண்டும்.

மார்க்கரீதியாக ஒரு தயக்கம் சிலருக்கு இருக்கும். முஸ்லிம் அல்லாதவருக்கு முஸ்லிம் வாரிசாகலாமா என்பது அது. ஆகமாட்டார் என்பதே நான்கு மத்ஹபுகளின், அதாவது இஸ்லாமியச் சட்டப் பள்ளிகளின், பொதுக் கருத்து. முஸ்லிம் வாங்கிக்கொள்ளலாம் என்று சொன்ன சஹாபாக்களும் (நபித்தோழர்களும்) உண்டு, முஆத் பின் ஜபல் அவர்களைப் போல. கோர்ட் இதற்குள் போகாது. அது உங்களுக்கும் நீங்கள் நம்பும் ஆலிமுக்கும் (மார்க்க அறிஞருக்கும்) இடையிலான விஷயம். தயக்கம் தீராவிட்டால் எளிய வழி, அப்பா உயிரோடு இருக்கும்போதே செட்டில்மென்டோ உயிலோ எழுதுவதுதான். அது கொடை அல்லது மரண சாசனம், வாரிசுரிமை என்ற பேச்சே வராது.

*இறந்தவர் முஸ்லிம், உறவினர் முஸ்லிம் அல்லாதவர்.* பங்கு இல்லை. முஸ்லிம் அல்லாதவர் முஸ்லிமுக்கு வாரிசாக மாட்டார் என்ற நபிமொழியே இதற்கு அடிப்படை. நாகூர், அதிராம்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் ஷாஃபி மத்ஹபு வழக்கம், உள்ளே ராவுத்தர் ஊர்களில் ஹனஃபி மத்ஹபு வழக்கம் என்று இருந்தாலும் இந்த ஒரு விஷயத்தில் இரண்டும் ஒன்றுதான். இஸ்லாத்துக்கு வந்தவரின் இந்துத் தாய், இந்து அண்ணன், இந்து மகன் யாரும் வாரிசுப் பட்டியலில் வரமாட்டார்கள். வயதான தாய்க்கு இதனால் வரும் கஷ்டம் கண்முன்னே தெரிவது; மகன் பணத்தில்தான் அந்த வீட்டில் அடுப்பெரியும், மகன் போனதும் மருமகளின் தயவில் நிற்பார். உயிரோடு இருக்கும்போதே ஏற்பாடு செய்யாவிட்டால் இதற்கு வழியில்லை.

*முஸ்லிமாகப் பிறந்து, மதத்தை விட்டு வெளியேறியவர்.* இவர் முஸ்லிம் தகப்பனிடமிருந்து பங்கு கேட்க உதவிய சட்டம், 1850-ல் கம்பெனி ஆட்சியில் வந்த சாதி இயலாமைகள் நீக்கச் சட்டம். மதத்தை விட்டதற்காக ஒருவரின் வாரிசுரிமையைப் பறிக்கும் எந்த வழக்கமும் சட்டமும் செல்லாது என்றது அது. மதம் மாறிய அந்த ஆளை மட்டும்தான் அது காக்கும், அவர் சந்ததிக்கு நீளாது என்று ஆங்கிலேயர் காலத்து உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் பின்னாளில் வரையறுத்தது. ஆங்கிலேயர் காலச் சட்டங்கள் அண்மை ஆண்டுகளில் கூட்டங்கூட்டமாக நீக்கப்பட்டிருக்கின்றன. ஆகவே தகப்பன் இறந்த தேதியில் அந்தச் சட்டத்தின் நிலை என்ன என்று அரசின் இந்தியா கோட் தளத்தில் பார்த்துவிட்டே வாதத்தைக் கட்டச் சொல்லுங்கள். பழைய சட்டப் புத்தகத்தை மட்டும் நம்ப வேண்டாம்.

*இறந்தவர் கிறிஸ்தவர்.* சுலபம். வேளாங்கண்ணியில் இருக்கும் கிறிஸ்தவத் தாயின் முஸ்லிம் மகளுக்கும் கிறிஸ்தவ மகனுக்கும் ஒரே பங்கு. அந்தச் சட்டம் வாரிசின் மதத்தைக் கேட்பதே இல்லை.

நான்காம் படி: அது உண்மையிலேயே அவர் சொத்தா?

டெல்டாவில் இந்தக் கேள்வியைக் கேட்காமல் சண்டை போடக்கூடாது. மூன்று தலைமுறையாக உழுத வயல் ஆதீனத்துக்கோ கோயிலுக்கோ சொந்தமாக இருக்கும், குடும்பத்துக்கு இருப்பது குத்தகை உரிமை மட்டும். வீடு நம்முடையது, அடிமனை கோயிலுடையது என்பதும் சகஜம். அறப்பணிக்கென்று ஒதுக்கிய வக்ஃபு நிலம் என்றால் அதை வாரிசுகள் பிரித்துக்கொள்ள முடியாது. ஆகவே தாய்ப்பத்திரம், பதிவுத்துறைத் தளத்தில் வில்லங்கச் சான்று, தாலுகாவில் அ-பதிவேடு, சிட்டா, அடங்கல் எல்லாம் எடுத்து, சர்வே எண் ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்.

சொத்தைப் பிரிக்கும் முன் கழிக்க வேண்டியவையும் உண்டு. முஸ்லிம் இறந்தால் அடக்கச் செலவு, கடன், அப்புறம் வசிய்யத் (முஸ்லிம் எழுதும் உயில்), அதற்குப் பின்தான் வாரிசுகள். கொடுக்காமல் விட்ட மஹரும் கடன்தான். வாரிசாக முடியாத இந்து மனைவிக்குக் கையில் இருக்கும் ஒரே பிடி பல நேரம் இதுதான், ஆகவே நிக்காஹ் பதிவேட்டில் எழுதிய தொகையைப் பாருங்கள்.

குடும்ப ஓய்வூதியம் வாரிசுரிமைச் சட்டத்தில் வராது, பணி விதிகளின்படி போகும். வங்கி டெபாசிட்டில் நாமினி என்பவர் பணத்தை வாங்கிக் கொடுக்கும் ஆள். அதனால் மட்டும் சொந்தக்காரர் ஆகிவிட மாட்டார்.

ஐந்தாம் படி: உயிரோடு இருக்கும்போதே செய்ய வேண்டியது

முஸ்லிம் ஒருவர் வசிய்யத் மூலம் மூன்றில் ஒரு பங்கு வரை வாரிசு அல்லாத யாருக்கும் கொடுக்கலாம். மத வேறுபாட்டால் வாரிசாகாத இந்துத் தாயோ இந்து மகனோ "வாரிசு அல்லாதவர்" ஆகிவிடுவதால், அவர்களுக்கு இந்த வழி திறந்திருக்கிறது. அதற்கு மேல் கொடுக்க மற்ற வாரிசுகள் சம்மதிக்க வேண்டும். வாயால் சொன்ன வசிய்யத்தும் சட்டப்படி செல்லும். ஆனால் நிரூபிப்பது பெரும்பாடு. எழுதி, இரண்டு சாட்சி வைத்து, சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீசில் பதிந்துவிடுங்கள்.

மூன்றில் ஒன்று போதாதென்றால் ஹிபா, அதாவது உயிரோடு இருக்கும்போதே தரும் கொடை. கொடுக்கிறேன் என்ற அறிவிப்பு, வாங்கிக்கொள்கிறேன் என்ற ஏற்பு, சொத்தைக் கையில் ஒப்படைப்பது, இந்த மூன்றும் இருந்தால் மொத்தச் சொத்தையும் யாருக்கும், எந்த மதத்தவருக்கும் கொடுக்கலாம். மூன்றாவதில்தான் வழக்குகள் தோற்கின்றன. பத்திரம் மகன் பெயரில், குத்தகை நெல் மட்டும் தகப்பன் வீட்டுக்கே வந்துகொண்டிருந்தது என்றால் எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொள்ளும். பட்டாவை மாற்றி, கந்தாயம், வீட்டு வரி, மின் இணைப்பு எல்லாவற்றையும் வாங்கியவர் பெயருக்குக் கொண்டுபோங்கள்.

இந்துவுக்கு இந்த வரம்பெல்லாம் இல்லை. தன் பங்கு முழுவதையும் முஸ்லிம் மகளுக்கோ பேரப்பிள்ளைக்கோ உயில் எழுதலாம். 26-ஆம் பிரிவு பேரனை அடைப்பது உயில் இல்லாதபோது மட்டுமே. அதே மாதிரி, மதம் மாறிய மகளுக்கு ஒன்றும் இல்லாமல் உயில் எழுதவும் தகப்பனுக்கு உரிமை உண்டு. சுயசம்பாத்தியம் என்றால் மகள் கேள்வி கேட்க முடியாது.

ஆறாம் படி: அலுவலகமும் கோர்ட்டும்

இறப்புச் சான்று வாங்கியதும் இ-சேவை மையத்தில் வாரிசுச் சான்றுக்கு விண்ணப்பியுங்கள். விஏஓ, ஆர்.ஐ. விசாரித்து தாசில்தார் தருவார். மதம் வேறு என்று யாராவது ஆட்சேபம் சொன்னால், கோர்ட்டுக்குப் போங்கள் என்று அனுப்பிவிடுவது வழக்கம். பதறத் தேவையில்லை. வாரிசுச் சான்றில் பெயர் இருப்பதால் பங்கு வந்துவிடாது, விடுபட்டதால் போய்விடவும் செய்யாது. வங்கிப் பணம், பங்குப் பத்திரங்களுக்குச் சிவில் கோர்ட்டில் வாரிசுரிமைச் சான்று தனியாக வாங்க வேண்டும். இது முஸ்லிம்களுக்கும் பொருந்தும்.

எல்லோரும் ஒத்துப்போனால் பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதிப் பதிந்துவிடலாம். எச்சரிக்கை ஒன்று: "நீதான் மதம் மாறிட்டியே, ஒரு கையெழுத்துப் போடும்மா, சும்மா ஃபார்மாலிட்டி" என்று அண்ணன் நீட்டும் தாள் பெரும்பாலும் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமாக இருக்கும். பங்கே இல்லாதவரிடம் யாரும் விடுதலைப் பத்திரம் கேட்பதில்லை. அந்தத் தாளை வாங்கிக்கொண்டு, படித்துவிட்டுத் தருகிறேன் என்று சொல்லி வக்கீலிடம் காட்டுங்கள்.

ஒத்துவராவிட்டால் நிலம் இருக்கும் இடத்துக் கோர்ட்டில் பாகப்பிரிவினை வழக்கு. தள்ளிப்போடாதீர்கள், உங்கள் உரிமையை வெளிப்படையாக மறுத்து அவர்களே அனுபவித்து வந்தால் 12 ஆண்டுக் காலவரம்பு உங்களுக்கு எதிராக ஓடத் தொடங்கும். பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கிடைப்பார், அந்தந்த மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் போய்க் கேட்கலாம். தஞ்சாவூர் மாவட்ட வழக்கு மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கும், திருவாரூர், நாகப்பட்டினம் வழக்குகள் சென்னைக்கும் போகும். செலவுக் கணக்குப் போடும்போது இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காரைக்காலில் உள்ள நிலம் என்றால் பதிவும் வருவாய் ஆவணமும் புதுச்சேரி நிர்வாகத்திடம் இருக்கும், அதற்கு அங்கேயே ஒரு வக்கீலைப் பாருங்கள்.

வாரிசுகளில் ஒருவர் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இருப்பது டெல்டாவில் வழக்கம்தான். அவர் வரவேண்டியதில்லை, அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்ற பவர் பத்திரம் போதும். அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத்தீர்வை கட்டிவிட வேண்டும். பவரில் "விற்க, விடுதலை செய்ய" என்ற சொற்களைத் தேவையில்லாமல் சேர்க்க விடாதீர்கள். வழக்கு நடத்தவும் பாகம் பிரிக்கவும் மட்டும் அதிகாரம் கொடுத்தால் போதும்.